நாலு பேர் கவாத்து

துன்மதி வருஷம், ஐப்பசி 9

இன்று மூன்று காரியம் நடந்தது. கூரையில் ஒழுகுகிற இடத்தை அடைத்தேன். அக்காவோடு சண்டை போட்டேன். சந்தையில் தண்டோரா கேட்டேன். முதல் இரண்டும் தினமும் நடப்பவை, எழுத வேண்டியதில்லை. மூன்றாவதுக்காகத்தான் ஒரு வருஷமாகத் தொடாத மைக்கூட்டைத் தேடி எடுத்தேன்.

கார்த்திகை ஐந்தாம் தேதி செங்கரைக் கோட்டைக்கு மூன்று துரைமார் வருகிறார்களாம். சர்க்கார் பட்டாளத்தில் இருந்து வயசாகி வந்த சிப்பாய்கள் எல்லாரையும் நேரில் பார்க்கப் போகிறார்களாம். சண்டையில் கை கால் கெட்டவனுக்கு உபகாரச் சம்பளம் இனிமேல் முழுசாகக் கிடைக்கும். மற்றவனுக்கு இப்போது வாங்குகிற பாதிதான். இன்னும் தெம்பு இருக்கிறவன் கோட்டைக்குத் திரும்பிப் பாராக் காவல் நிற்க வேண்டும், வரமாட்டேன் என்றால் பாதியும் கிடையாது. தண்டோராக்காரன் இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் முணுமுணுத்துவிட்டுப் போனான். நான் பின்னாலேயே போய்த் திரும்பச் சொல்ல வைத்தேன்.

நேரே புளியந்தோப்புக்குப் போனேன். என்னோடு பட்டாளத்தில் இருந்த கன்னியப்பன் அங்கேதான் காவல். காவல் என்றால் குரங்கு ஓட்டுவது. இடது முழங்கால் மடங்காது, கம்பில்லாமல் நாலடி வைக்க முடியாது. குரங்குக்கு அது தெரியும். அவன் கம்பைத் தூக்கினால் கீழே விழுவான், விழாமல் இருந்தால் கம்பைத் தூக்க முடியாது. தோப்புக்காரர் தை பிறந்தால் வேறு ஆள் வைக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். வேலை போனால் அவனும் பெண்சாதி பச்சையம்மாவும் இருக்கிற தோப்புக் குடிசையும் போகும்.

"முழுச் சம்பளம் வந்தா பச்சையம்மா ஊர்ல அவ தம்பி வூட்டுப் பக்கத்துல ஒரு குடிசை போட்டுக்கலாம் அண்ணே. இல்லன்னா சத்திரம்தான்" என்றான். அழவில்லை. விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னான். 

"உனக்கு வாங்கிக் குடுக்கறேண்டா. நான் எதுக்கு இருக்கேன்" என்றேன்.

ஐப்பசி 10

அக்கா தனகோட்டிக்கு வயது எழுபது, வாய்க்கு மட்டும் பதினெட்டு. இன்று பரணைச் சுத்தம் செய்கிறேன் என்று ஏறி, பட்டாளத்தில் இருந்தபோது நான் எழுதிய பழைய காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். "இது அடுப்புக்கு ஆவுமாடா, இல்ல கரையானுக்குத்தானா" என்றாள். பிடுங்கித் திரும்ப மேலே வைத்தேன். பிரிக்கவில்லை.

ஐப்பசி 13

தாவூது சாயபுவையும் சவுரியையும் பார்த்து வந்தேன். இரண்டு பேரும் நான் அவுல்தாராக இருந்தபோது என் கீழ் இருந்த பன்னிரண்டு பேரில் மிச்சம். கன்னியப்பனோடு மூன்று. என்னைச் சேர்த்தால் நாலு.

தாவூதுக்கு இரண்டு கண்ணிலும் புரை. தோளில் வாள் வெட்டு இருக்கிறது, ஆனால் அது ஆறிப்போய் இருபது வருஷம். சவுரி பட்டாளத்தில் தம்பூர் மேளம் அடித்தவன். இப்போது மாதா கோயில் திருவிழாவில் அடிக்கிறான். காது சுத்தமாகப் போய்விட்டது. அவனிடம் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் என் தொண்டை கட்டிவிட்டது. எல்லாம் கேட்டுவிட்டு, "யாருக்குக் கல்யாணம்?" என்றான்.

ஐப்பசி 14

கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. "உன் கால்ல சக்கரமாடா கட்டியிருக்குது, உக்காரு, தரை தேயுது" என்று அக்கா மூன்று முறை சொன்னாள்.

ஐப்பசி 18

மனு எழுதினேன். நாலு பேரில் எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன். பட்டாளத்திலும் அப்படித்தான். எங்கள் பன்னிரண்டு பேருக்கும் காயம் பட்டது, செத்தது, லீவில் போனது எல்லாம் நான் எழுதிக் கொடுத்ததுதான் சர்க்கார் புஸ்தகத்தில் ஏறும்.

தாவூதுக்கு எழுதினேன். சவுரிக்கு எழுதினேன். எனக்கு எழுதும்போது, முப்பது வருஷம் ஒழுங்காக உழைத்தவன், அவுல்தாராகவே நின்றுவிட்டேன், சுபேதார் மரியாதை கொடுத்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு வரி சேர்த்தேன். கேட்பதில் தப்பில்லை.

கன்னியப்பனுக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் மை கட்டிக்கொண்டது. "ஹைதர் சண்டை நடந்த காலத்தில் முழங்கால் கெட்டவன்" என்று எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னான். படித்தேன்.

"சண்டை நடந்த காலத்திலயா, சண்டையிலயா அண்ணே?"

"ரெண்டும் ஒண்ணுதாண்டா."

அவன் கம்பின் நுனியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான். பிறகு, "அங்க புஸ்தகத்துல இன்னா இருக்குதோ அதத்தானே பாப்பாங்க?" என்றான்.

"புஸ்தகத்தப் பத்தி நீ கவலப்படாத. ஆளப் பாத்ததும் அசந்து போற மாதிரி நான் செய்யறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அந்த யோசனை வாயில் வந்த பிறகுதான் மனசில் வந்தது. ஆனால் நல்ல யோசனை.

ஐப்பசி 19

யோசனை இதுதான். ஊர் ஊராகக் கிழட்டுச் சிப்பாய்கள் வருவார்கள். இருமிக்கொண்டு, முனகிக்கொண்டு, சத்திரத்து வாசலில் நிற்கிறவர்கள் மாதிரி வருவார்கள். துரைமாருக்கு அது பிடிக்காது. நான் முப்பது வருஷம் பார்த்திருக்கிறேன். பொத்தான் மின்னினால் சபாஷ், பொத்தான் மங்கினால் பிரம்படி. நாங்கள் நாலு பேரும் பழைய சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, சவுரி முன்னால் தம்பூர் அடிக்க, வரிசையாகக் கவாத்து நடந்து போய் நிற்கப்போகிறோம். இப்படிப்பட்ட ஆட்களா பாதிச் சம்பளத்தில் வாடுகிறார்கள் என்று அவர்களுக்கே வெட்கமாக இருக்க வேண்டும்.

அக்காவிடம் சொன்னேன். "நொண்டின்னு காட்டத்தானே போறீங்க? அப்புறம் எதுக்கு ஆட்டம்?" என்றாள். பட்டாள விஷயம் பெண்பிள்ளைக்கு என்ன தெரியும்.

ஐப்பசி 22

புளியந்தோப்பில் முதல் கவாத்து. கோட்டு யாருக்கும் அளவாக இல்லை. எனக்கு வயிற்றில் சேரவில்லை, தாவூதுக்கு இரண்டு பேர் நுழையலாம். பச்சையம்மா உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். குரங்குகள் எல்லாம் மேலே வந்து உட்கார்ந்து பார்த்தன.

தாவூதுக்கு முன்னால் நிற்பவனைத் தெரியாது. அதனால் சவுரியின் முதுகில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு நடக்கட்டும் என்றேன். சவுரிக்கு என் குரல் கேட்காது. தாவூது விரலால் தட்டினால் அவனுக்கு உத்தரவு புரியும். இப்படியாக ஒருவனுக்குக் கண்ணும் ஒருவனுக்குக் காதும் ஏற்பாடு செய்துவிட்டேன்.

கன்னியப்பன் கம்போடு வந்து நின்றான். நான் அட்டென்ஷன் என்று கத்தினேன். அவன் கம்பு கீழே விழுந்தது. வேண்டுமென்று போட்டானா, கை தானாக விட்டதா, தெரியவில்லை. நிமிர்ந்து நின்றான். மார்ச் என்றேன். நடந்தான். தோப்பின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை கம்பில்லாமல் நடந்தான். நில் என்றதும் நின்றான். கலையலாம் என்றதும் அப்படியே சரிந்து விழுந்தான்.

பச்சையம்மா ஓடி வந்து தூக்கினாள்.  நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. என் குரலுக்கு இன்னும் அவ்வளவு பலம் இருக்கிறது.

ஐப்பசி 25

மழை. கவாத்து இல்லை. வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன்.

ஐப்பசி 27

பச்சையம்மா வீட்டுக்கு வந்தாள். அக்காவிடம் புளி கொடுக்க வந்த மாதிரி வந்து, என்னிடம் பேசினாள்.

"அவரு கால் ராத்திரியெல்லாம் வீங்கிப் போவுது அண்ணே. தவிட்டு ஒத்தடம் குடுக்கறேன். கவாத்து வேணாம்னு சொன்னா, அவுல்தாரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்றாரு."

"இன்னும் பத்து நாள்தானே அம்மா."

"அந்தக் கால் எப்படிப் போச்சுன்னு நான் கேட்டா இன்னிக்கு வரைக்கும் சொன்னதில்ல. ஆத்துல வழுக்கினேன்னு சொல்லுவாரு, சிரிப்பாரு. வழுக்கினதுக்கா சம்பளம் குடுப்பாங்க?"

நான் கூரையைப் பார்த்தேன். மறுபடியும் ஒழுகுகிறது. அதைச் சொல்லிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

கார்த்திகை 1

நாளைக் காலை கிளம்புகிறோம். மூன்று நாள் நடை, கன்னியப்பனுக்கு மட்டும் பாதி வழி வரை ஒரு வைக்கோல் வண்டி கிடைத்திருக்கிறது. மூட்டையில் கோட்டு, மனு, அவல், வெல்லம், மைக்கூடு. பரணில் இருந்த பழைய காகிதக் கட்டையும் எடுத்து அடியில் வைத்தேன். எதற்கென்று தெரியவில்லை. அக்கா ஒரு நாள் அடுப்பில் வைத்துவிடுவாள் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

கார்த்திகை 3

பாலாற்றில் தண்ணீர் இடுப்பளவு போகிறது. தாவூதும் சவுரியும் கை கோர்த்து இறங்கிவிட்டார்கள். கன்னியப்பனை நான் முதுகில் தூக்கிக்கொண்டேன். கனமே இல்லை. நடு ஆற்றில் என் காதில், "அன்னிக்கு நான் உன்னத் தூக்கினேன். இன்னிக்கு நீ" என்று ஏதோ பழைய கதையை எடுத்தான். தண்ணீர் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை.

கார்த்திகை 4

செங்கரை. கோட்டைக்கு வெளியே இருநூறு பேருக்குக் குறையாமல் கிழவர்கள். ஒருவன் மூன்று மாதமாகத் தலை சீவாமல் வந்திருக்கிறான். இன்னொருவன் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் தோளில் தொங்குகிறான், அவன் காலையில் வழியில் சாராயக் கடைக்கு ஓடினதை நான் பார்த்தேன். எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். கோட்டுகளைக் கல்லில் வைத்துத் தேய்த்தேன். பொத்தான்களுக்குப் புளியும் சாம்பலும் போட்டேன்.

கார்த்திகை 5

எழுத வேண்டும். எழுதினால்தான் கை ஓயும்.

வேப்பமரத்தடியில் மேஜை போட்டு மூன்று துரைமார். இரண்டு பேர் பட்டாளத்தார், ஒருவர் வைத்தியர். பக்கத்தில் எத்திராஜுலு என்று ஒரு துபாஷி. அவர்தான் எங்கள் பேச்சை அவர்களுக்கும் அவர்கள் பேச்சை எங்களுக்கும் சொல்கிறவர். எங்களுக்கு முன்னால் போன இருமல்காரர்களைப் பார்த்து மூன்று பேரும் கொட்டாவி விட்டார்கள். எங்கள் முறை வந்தது. சவுரி தம்பூரில் முதல் அடி போட்டதும் மூன்று பேரும் நிமிர்ந்தார்கள்.

நான் கத்தினேன். என் வாழ்நாளில் அப்படிக் கத்தினதில்லை. நாலு பேரும் ஒரே தாளத்தில் கால் வைத்துப் போனோம். பொத்தான் பளபளத்தது. கோட்டைப் பாராக்காரன் தானாக நிமிர்ந்து நின்றான். மேஜைக்கு முன்னால் நின்று, வலது திரும்பி, சலாம் வைத்தோம். பெரிய துரை எழுந்து நின்று பதில் சலாம் வைத்தார். அந்த நிமிஷம் செத்துப்போயிருந்தால் நல்ல சாவு.

வைத்தியர் புஸ்தகத்தைப் புரட்டினார். துபாஷி படித்தார். "கன்னியப்பன். ஆற்றில் இறங்கும்போது வழுக்கி விழுந்து முழங்கால் பிசகியது. சண்டைக் காயம் இல்லை." வைத்தியர் புஸ்தகத்தைப் பார்த்தார், கன்னியப்பனைப் பார்த்தார், இன்னொரு முறை நடக்கச் சொன்னார். கன்னியப்பன் என்னைப் பார்த்தான். நான் மார்ச் என்றேன். நடந்தான். நெற்றியில் வியர்வை கொட்டிக்கொண்டு, ஒரு பிசகும் இல்லாமல் நடந்தான்.

துரைமார் சந்தோஷமாகப் பேசிக்கொண்டார்கள். துபாஷியும் சிரித்துக்கொண்டே சொன்னார். "உங்களப் பாத்து துரைமாருக்கு ரொம்ப சந்தோஷம். இந்த வயசுல இப்படி ஒரு கவாத்து அவங்க பாத்ததில்லயாம். நாலு பேரும் பாராவுக்குத் தகுதி. தை மாசம் ஒண்ணாந் தேதி கோட்டைக்கு வந்துடுங்க."

எனக்குப் புரிய நேரமாயிற்று. "இல்ல சாமி, எங்களுக்கு முழுச் சம்பளம்..." என்று ஆரம்பித்தேன்.

"பாரா நின்னா சம்பளம் வருமே."

"இவனால நிக்க முடியாது சாமி. இவன் நொண்டி."

துபாஷி சிரித்துவிட்டார். அதை அவர் துரைமாருக்குச் சொன்னதும் அவர்களும் சிரித்தார்கள். கன்னியப்பன் சிரிக்கவில்லை. கலையலாம் என்று நான் இன்னும் சொல்லவில்லை, அதனால் நிமிர்ந்தே நின்றுகொண்டிருந்தான்.

கார்த்திகை 6

அக்கா அன்றைக்கே சொன்னாள். தெரிந்தேதான் சொன்னாள். நான் ஒரு முட்டாள்.

சவுரி சந்தோஷமாக இருக்கிறான். அவனுக்கு மறுபடி தம்பூர் கிடைத்துவிட்டது, கோட்டைச் சோறும் கிடைக்கும். காது கேட்காதது இன்னும் யாருக்கும் தெரியாது. தாவூது, "நான் பாரா நின்னா கோட்டைக்குள்ள யார் வேணாலும் வரலாம், போலாம்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

கன்னியப்பன் முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருக்கிறது. மஞ்சள் அரைத்துப் போட்டேன். தை ஒன்றாம் தேதி வராவிட்டால் பாதிச் சம்பளமும் போகும். வந்தால் ஒரு வாரம் நிற்க மாட்டான். தோப்பும் தையில் போகிறது.

"விடு அண்ணே. நடந்தது நல்லா இருந்துச்சு இல்ல? எல்லாரும் பாத்தாங்க" என்றான்.

என்னைத் தேற்றுகிறான். திட்டினால் தாங்கிக்கொண்டிருப்பேன். கோட்டைச் சுவரைச் சுற்றி எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியவில்லை. கடைசியில் நாங்கள் தங்கின சத்திரத்துக்கு வந்து மூட்டையின் அடியிலிருந்து அந்தக் காகிதக் கட்டை எடுத்தேன். பிரித்தேன். இருபது வருஷத்துக்குப் பிறகு படித்தேன்.

கார்த்திகை 7

காலையில் வேப்பமரத்தடிக்குப் போனேன். கோட்டுப் போடவில்லை. துபாஷி எத்திராஜுலு, "முடிஞ்சு போச்சே, இன்னும் இன்னா?" என்றார். முதலில் புஸ்தகத்தில் இருப்பது பொய் என்றேன். யார் எழுதினது என்றார். நான் எழுதினது என்றேன். அப்போதுதான் அவர் என்னைச் சரியாகப் பார்த்தார்.

பழைய தாளைக் கொடுத்தேன். அவரே படித்து, ஒவ்வொரு வரியாகத் துரைமாருக்குச் சொன்னார். என் எழுத்தை இன்னொருவர் வாயில் கேட்டேன். அதை இங்கே மறுபடி எழுதுகிறேன், இந்தத் தடவை ஒளிக்கவில்லை.

"பிலவ வருஷம் ஆவணி 21. நேற்று வெடிமருந்து வண்டிக்கு நாங்கள் காவல். காட்டாற்று மணலில் ஹைதர் குதிரைகள் வந்தன. நான் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினேன். காரை முள்ளுக்குள் புகுந்து படுத்தேன். கன்னியப்பன் வண்டியை விட்டு என்னைத் தேடி வந்தான். அடிபட்டிருக்கும் என்று நினைத்தானாம். என்னை இழுத்துத் தூக்கும்போது ஒரு குதிரை எங்கள் மேல் ஏறியது. அவன் கால் என் மேல் இருந்தது. அவன் காலில் மிதித்தது. அந்தக் காலோடு என்னைத் தூக்கிக்கொண்டு வந்தான். எங்கே மிதிபட்டான் என்று எழுதினால் நான் எங்கே இருந்தேன் என்று கேட்பார்கள். வழுக்கி விழுந்ததாக எழுதப் போகிறேன். அவனிடம் சொன்னேன். எழுதிக்கோ அண்ணே, பத்து நாளில் ஆறிடும் என்றான்."

துபாஷி படித்து முடித்தார். பட்டாளத்துத் துரை ஒருவர் கோபமாக ஏதோ சொன்னார். அன்றைக்குப் பொய் எழுதினவன் இன்றைக்கு மெய் சொல்கிறான் என்று எப்படி நம்புவது என்று கேட்கிறாராம். வைத்தியர் காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார், கரையான் அரித்த இடத்தைத் தடவினார், அப்புறம் பேசினார். துபாஷி எனக்குச் சொன்னார்: "தனக்கே கெடுதலான காகிதத்த எவனும் பொய்யா எழுதி இருபது வருஷம் பத்திரமா வெச்சிருக்க மாட்டான்னு சொல்றாரு."

"ஆனா ஒண்ணு" என்றார் துபாஷி. "குதிரை மிதிச்சது நெசமாவே இருக்கட்டும். கால் இப்ப நல்லாத்தானே இருக்குது? முந்தாநாள் நடந்தானே?"

"நான் சொன்னா நடப்பான் சாமி. நான் சொன்னதால நடந்தான். இல்லன்னா கம்பில்லாம நாலடி வைக்க மாட்டான்."

வைத்தியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக் காலை அவனைக் கூட்டி வரச் சொன்னார். நான் பக்கத்தில் நிற்கலாம், ஆனால் வாயைத் திறக்கக்கூடாது.

கார்த்திகை 8

கன்னியப்பனிடம் நேற்றே சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன் என்றேன். அவன் முகம் இறுகிவிட்டது. "யார் கேட்டா உன்ன? நான் கேட்டனா? இத்தினி வருஷம் வாய மூடிக்கினு இருந்தேனே, எதுக்கு?" என்றான். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக என்மேல் கோபப்பட்டான்.

காலையில் மரத்தடியில் அவனை மண்ணில் உட்கார வைத்தார்கள். கம்பை வாங்கிக்கொண்டார்கள். மேஜையிலிருந்து மரம் பதினைந்தடி இருக்கும். துபாஷி சொன்னார்: "எழுந்து அந்த மரத்து வரைக்கும் போ."

கன்னியப்பன் என்னைப் பார்த்தான்.

நான் துண்டை வாயில் கடித்துக்கொண்டேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். ஒரு வார்த்தை போதும், அவன் எழுந்துவிடுவான். அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் காத்துக்கொண்டிருந்தான். என் தொண்டைக்குள் அந்த வார்த்தை ஏறி ஏறி இறங்கிற்று. முப்பது வருஷமாகப் பழகின நாக்கு.

பிறகு அவனாகவே கையை ஊன்றினான். பாதி எழுந்து விழுந்தான். மறுபடி ஊன்றினான். இந்தத் தடவை நின்றான், ஒரு அடி வைத்தான், இடது கால் மடங்காமல் பக்கவாட்டில் சறுக்கிற்று, முகம் மண்ணில் பட விழுந்தான். பட்டாளத்துத் துரை போதும் என்று கையைக் காட்டினார். கன்னியப்பனுக்கு அது தெரியவில்லை, தலை கீழே இருந்தது. போ என்றார்கள், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். முழங்கையை ஊன்றித் தவழ்ந்து போனான். மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தான்.

நான் அழுதேன். துண்டு வாயில் இருந்ததால் சத்தம் வரவில்லை.

வைத்தியர் எழுந்து போய் அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். கால்சட்டையெல்லாம் புழுதி. முழங்காலை நெடுநேரம் அமுக்கிப் பார்த்தார். அவரே கைகொடுத்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்.

கார்த்திகை 9

உத்தரவு ஆயிற்று.

கன்னியப்பன்: சண்டையில் கால் கெட்டவன். ஆயுள் உள்ளவரை முழுச் சம்பளம்.

தாவூது: கண் பார்த்தார்கள். பாராவுக்கு ஆகாது. பாதிச் சம்பளம் பழையபடி.

சவுரி: கோட்டைத் தம்பூர். இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

நரசிங்கம், அதாவது நான்: சண்டையில் ஓடினதற்கும் சர்க்கார் புஸ்தகத்தில் பொய் எழுதினதற்கும் அவுல்தார் பட்டம் நீக்கம். உபகாரச் சம்பளம் நிறுத்தம். என் வயசைப் பார்த்துப் பிரம்படி மட்டும் இல்லை.

துபாஷி அதைப் படிக்கும்போது தலையைத் தூக்காமல் படித்தார். முடித்துவிட்டு மெதுவாக, "அந்த சுபேதார் மரியாதை வேணும்னு ஒரு வரி எழுதியிருந்தீரே, அத நான் அவங்களுக்குச் சொல்லல" என்றார். நல்ல மனுஷர்.

கார்த்திகை 11

கன்னியப்பன் வண்டி பிடித்தான். அவன் செலவு. நான் கூட நடந்து வருகிறேன் என்றேன், ஏறு என்றான். ஆற்றங்கரை வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான். தண்ணீர் வடிந்திருந்தது, வண்டியே இறங்கிவிட்டது. நடு ஆற்றில் கேட்டான்:

"அப்ப நீ இப்ப அவுல்தாரு இல்ல?"

"இல்ல."

"இனிமே நீ சொன்னா நான் எழுந்துக்க வேணாம்?"

"வேணாண்டா."

காலை நீட்டி வைக்கோலில் சாய்ந்து படுத்தான். ஊர் வரும் வரை எழுந்திருக்கவே இல்லை.

கார்த்திகை 13

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முள்ளுக்குள் ஒளிந்ததையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடுப்பை ஊதிக்கொண்டே, "ஓடினதாலதானே உயிரோட வந்து நின்ன. எனக்கு இருக்கறது ஒரு தம்பி" என்றாள். கொஞ்சம் கழித்து, "நாளைலேர்ந்து நான் நெல்லு குத்தப் போறேன். நீ இன்னா பண்ணப்போற?" என்றாள்.

தை 2

கன்னியப்பனும் பச்சையம்மாவும் அடுத்த வாரம் அவள் தம்பி ஊருக்குப் போகிறார்கள். குடிசைக்கு மூங்கில் வாங்கியாயிற்று. தோப்புக்காரருக்கு வேறு ஆள் வேண்டும் அல்லவா. நான் போய்க் கேட்டேன். "வயசு ஐம்பத்தெட்டா?" என்றார். இரண்டு காலும் நன்றாக இருக்கிறது என்றேன். நேற்று முதல் புளியந்தோப்புக் காவல் எனக்கு.

குரங்குகளுக்கு என்னை அடையாளம் தெரிகிறது. கவாத்தில் பார்த்த முகம். ஒன்றை இந்த மரத்திலிருந்து விரட்டினால் மூன்று அந்த மரத்தில் இறங்குகின்றன. மூச்சு வாங்குகிறது. கன்னியப்பன் குடிசை வாசலில் கட்டில் போட்டு, கால் நீட்டி உட்கார்ந்து, பச்சையம்மா கொடுத்த கூழைக் குடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். 

பிறகு தொண்டையைக் கனைத்தான்.

"வலது திரும்பு."

நான் கம்போடு நின்றேன். பச்சையம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"காது கேக்கலியா? சவுரி மாதிரி ஆயிட்டியா? வலது பக்கம், கோடியில நிக்கற மரம். நாலு குரங்கு. திரும்பு."

அவனுக்குக் கவாத்துக் குரலே இல்லை. கீச்சென்று வருகிறது, நடுவில் உடைகிறது. பட்டாளத்தில் அந்தக் குரலை வைத்துக்கொண்டு ஒரு ஆட்டுக்குட்டியைக் கூடத் திருப்பியிருக்க முடியாது.

நான் வலது திரும்பினேன்.

"மார்ச்" என்றான்.

போனேன்.